ஐதாக்கிய தேக்கந்தடியை என்ன செய்வது?

எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் தேக்கு நட்டால் ஏக்கருக்கு 680 மரம் நிற்கும். ஐந்தாறு வருடத்தில் மேலே இலைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். அதோடு அடி பருப்பது குறைந்துவிடும். பாதியை எடுத்து ஐதாக்கினால்தான் மிச்சப் பாதி பெருக்கும். வன்னியில் தேக்கு வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சிக்கல் எடுத்த பாதியில்தான். 340 தடி காணிக்குள் கிடக்கும். மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் கேட்டால், "விறகு விலைக்கு எண்டால் எடுக்கலாம்" என்பார்கள். சரி, நிற்கட்டும் என்று விட்டால் தோட்டம் முழுவதும் கெடும். அப்படி விட்ட பதினைந்து வருடத் தோட்டங்களைப் பல இடங்களில் பார்க்கலாம்: உயரம் இருக்கும், ஆனால் எந்த மரத்தையும் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துவிடலாம்.

மரக்காலைக்காரர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய கணக்கைப் பாருங்கள். சுற்றளவு 15 அங்குலம், நீளம் 8 அடி உள்ள தடி ஒன்று. நாலில் ஒரு பங்கு சுற்றளவை வர்க்கித்து நீளத்தால் பெருக்குகிற வழக்கமான அளவில் அது 0.78 கன அடி. உண்மையில் அதற்குள் ஒரு கன அடி மரம் இருக்கிறது. ஆனால் தடியின் சிறு முனை 4¼ அங்குல விட்டம் என்றால் அதற்குள் அடங்கும் ஆகப் பெரிய சதுரம் 3 அங்குலம். எட்டடிக்கு 3×3 என்றால் அரைக் கன அடி. அதுவும் தடி நூல் பிடித்த நேராக இருந்தால்தான். கொஞ்சம் வளைந்திருந்தால் சதுரம் 2 அங்குலத்துக்கு இறங்கிவிடும். பெரிய மரம் ஒன்றை ஏற்றி அரிகிற நேரத்தில் இப்படிப்பட்ட பத்துத் தடியை ஏற்றி இறக்க வேண்டும். கடைசியில் கையில் வருவது வைரம் ஏறாத வெள்ளை மரம்.

ஆகவே சின்னத் தடியை, பெரிய மரத்தின் குட்டியாக நினைத்து ஆலைக்குக் கொண்டுபோவதில்தான் முதல் நட்டம். உருட்டாகவே பாவிக்கக்கூடியதை உருட்டாகப் பாவிக்க வேண்டும். அரியத்தான் வேண்டும் என்றால் முதலில் குட்டையாக வெட்டி, பிறகு அரிய வேண்டும்.

வெள்ளையும் வைரமும்

ஏழெட்டு வருடத் தேக்கின் வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். நடுவில் சின்ன விரல் முனை அளவுக்குப் பஞ்சு போன்ற குருத்து. அதைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அங்குல விட்டத்தில் மண்ணிற வைரம். அதற்கு வெளியே பட்டை வரைக்கும் மங்கல் வெள்ளை. "தேக்குக்குக் கறையான் வராது" என்ற பேச்சு முற்றிய வைரத்துக்கு உரியது. வெள்ளைக்கு அது பொருந்தாது. வெள்ளையில் மாப்பொருள் இருக்கிறது. உளுப்பூச்சி அதைத் தேடித்தான் வருகிறது. ஈரம் உள்ள மண்ணில் நட்ட ஐதாக்கல் தடி இரண்டு மூன்று மாரிக்குள் நிலமட்டத்தில் அறுந்து விழும். தேக்கு என்று நம்பி நட்டவர் திகைப்பார். மரத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்தத் தடியில் வைரம் எவ்வளவு என்று பார்த்தால் திகைக்க வேண்டியதில்லை.

தேய்பிறையில் தறித்தால் பூச்சி பிடிக்காது என்று வயதானவர்கள் சொல்வார்கள். நிலவு பார்த்துத் தறிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் தறித்த தடியைப் பட்டையோடு புல்லில் போட்டு வைத்தால் எந்தப் பிறையும் காப்பாற்றாது.

தறிக்கும் காலம் உண்மையிலேயே முக்கியம். தை கடைசியிலும் மாசியிலும் மாரி விட்டு நிலம் இறுகியிருக்கும். உழவு இயந்திரம் தோட்டத்துக்குள் இறங்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்ப முன்னர் தடி மெதுவாகக் காய இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். வைகாசிக்குப் பின் தறித்தால் வன்னியின் சோளகக் காற்று ஒரு கிழமைக்குள் முனையிலிருந்து ஓரடி, இரண்டடி வெடிக்க வைத்துவிடும். மாரிக்குள் தறித்தால் பூஞ்சணம் கறுப்புக் கோடாக வெள்ளையில் ஏறும்.

தறித்த அன்றைக்கே செய்ய வேண்டியது மூன்று (மருந்தில் அமிழ்த்தும் தடிக்கும் முட்டு, பந்தல் தடிக்கும் முறை வேறு, அது பின்னால் வரும்). பட்டையை உரிக்க வேண்டும். ஈரத்தில் கத்தியின் முதுகால் நெம்பினால் நீளமாக வரும், ஒரு கிழமை கழித்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் மிச்சப் பெயின்ற் அல்லது உருக்கிய மெழுகு தடிப்பாகப் பூச வேண்டும். முனை வழியாக ஈரம் வெளியேறுகிற வேகம் பக்கவாட்டை விடப் பல மடங்கு, அதனால்தான் வெடிப்பு எப்போதும் முனையில் தொடங்குகிறது. பிறகு தரையில் இருந்து ஒன்றரை அடி உயர்த்திய கட்டைகள் மேல், ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓர் அங்குலத் தடிப்புக் குச்சி வைத்து, குச்சிகள் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி அடுக்க வேண்டும். குச்சிக்குக் குச்சி இரண்டடி. மேலே தகரம், காற்று வரும் பக்கம் கிடுகுத் தட்டி. கிடுகு காற்றை முற்றாக மறிக்காது, வேகத்தை மட்டும் உடைக்கும். தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

உருட்டாகக் காயும் தடி எப்படியும் ஓரிடத்தில் வெடிக்கும். தேக்கு வளையத்தோடு சுருங்குவது ஏறத்தாழ 5 வீதம், ஆரத்தின் வழியே அதில் பாதி. அந்த வித்தியாசம் எங்காவது பிளந்துதான் தீரும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்: பார்வைக்குப் படாத பக்கத்தில், நீளம் முழுக்க, குருத்து வரை ஒரு வாள்வெட்டு விட்டால் அந்த வெட்டு அகலும், மற்றப் பக்கங்கள் பெரும்பாலும் தப்பும். கொட்டில் தூணுக்கு இந்த வேலை வேண்டாம். வீட்டு விறாந்தைத் தூணுக்கு வேண்டும்.

உருட்டாகவே பாவிக்க

ஆக இலேசான பாவனை, கொங்கிறீற் தட்டுக்குக் கீழே கொடுக்கும் முட்டு. பூச்சி பற்றிய கவலை இல்லை, நிறம் பற்றிய கவலை இல்லை. பத்தடி நீளம், சிறு முனை 3 அங்குலத்துக்குக் குறையாமல், நூல் பிடித்தால் நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் போதும். 5 அங்குலத் தட்டுக்கு இரண்டரை அடி இடைவெளியில் முட்டுக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் ஈரக் கொங்கிறீற், பலகை, வேலையாட்கள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ அளவில் இறங்கும். 3 அங்குலத் தடி அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் 3 அங்குலத்துக்கும் 2½ அங்குலத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், நெளிந்து முறிவதை எதிர்க்கும் வலுவிலோ அது பாதிக்குப் பாதி. மேசன்மார் இங்கேதான் தவறுகிறார்கள். தடி குறைந்தால் மெலிந்ததையும் இடையில் செருகுவார்கள். மெலிந்ததைப் பாவிக்கத்தான் வேண்டும் என்றால் பாதி உயரத்தில் இரண்டு திசையிலும் குறுக்குத் தடி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய முட்டு நெளியாமல் கட்டாததைவிட நாலு மடங்கு பாரம் தாங்கும். அடியில் பலகைத் துண்டு, அதன்மேல் எதிரெதிராக இரண்டு ஆப்பு. கல் மேல் நேரே நிறுத்தினால் கழற்றும்போது அடித்துத்தான் கழற்ற வேண்டிவரும், தட்டும் அதிரும்.

அடுத்தது கூரை. இதில் சின்னத் தடியின் பெறுமதி பலருக்குத் தெரிவதில்லை. 4 அங்குல உருட்டுத் தடிக்கும் அதே தடியில் இருந்து அரிந்தெடுக்கும் 2¾ அங்குலச் சதுரத்துக்கும் வளைவைத் தாங்கும் வலு ஒன்றல்ல, உருட்டுக்கு 1.8 மடங்கு. அரியும்போது வெளி நார்களைத்தான் வெட்டி எறிகிறோம், பாரத்தைத் தாங்குவது அந்த வெளி நார்தான். கூலி கொடுத்து அரிந்து, விறகாகப் பாதியைக் கழித்து, வலுவிலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழப்பது தேவையில்லாத வேலை. மாட்டுக் கொட்டில், உழவு இயந்திரக் கொட்டில், நெல் வைக்கும் மால் எல்லாவற்றுக்கும் கைமரம் உருட்டாகவே போகலாம். தகரக் கூரைக்கு, சிறு முனை 3½ அங்குலம் உள்ள தடியை நாலடிக்கு ஒன்றாகப் போட்டு, பத்தடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். ஓட்டுக் கூரை என்றால் எட்டடி, இடைவெளியும் நெருக்கம். எல்லாக் கைமரத்துக்கும் அடிமுனை ஒரே பக்கம் இருக்கட்டும், பருத்த முனை கீழே. மேல் விளிம்பு நேராக வர வேண்டும் என்பதால், வளைவு உள்ள தடியை முதுகு மேலே பார்க்க வைத்து, வரிச்சு உட்காரும் இடத்தை மட்டும் சீவுளியால் தட்டையாக்கினால் போதும். நீளத்துக்கும் சீவ வேண்டாம்.

உருட்டுத் தடியை உருட்டுத் தடியோடு பொருத்துவதில்தான் தச்சு வேலை செய்யும் ஓடாவிகள் சலிப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று தொடும் இடத்தில் மேல் தடியின் அடிப்பக்கத்தில் கிண்ணம் போலப் பள்ளம் எடுங்கள். ஆழம் விட்டத்தில் நாலில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. ஆணியை மட்டும் நம்ப முடியாது. முனைப்பக்கம் அடித்தால் வெள்ளை பிளக்கும். முனைக்குள் நார்வழியே அடித்த ஆணி கையால் ஆட்டினாலே வெளியே வரும். ஆணியின் தடிப்பைவிடக் கொஞ்சம் மெல்லிய துளை முதலில் போட்டு அடிக்க வேண்டும். பெரிய மூட்டுக்கு 10 மில்லிமீற்றர் போல்ற், இரண்டு பக்கமும் பெரிய வாசர். தகரக் கூரையை அதன் பாரம் பிடித்து வைக்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தது போல ஒரு காற்று கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். கைமரத்தில் இருந்து வளைக்கும், வளையில் இருந்து தூணுக்கும், தூணில் இருந்து அத்திவாரத்துக்கும் பட்டை இரும்போ இரட்டையாக முறுக்கிய தடித்த கம்பியோ இடைவெட்டு இல்லாமல் இறங்க வேண்டும். ஒரு கண்ணி விட்டால் மற்றதெல்லாம் வீண்.

தூணை மண்ணில் நட வேண்டாம். கழிவு ஒயிலும் தாரும் பூசிவிட்டு நடுவது எங்கள் ஊர்களில் வழக்கம். பூச்சு தோலோடு நிற்கும், வெடிப்பு வழியாகக் கறையான் உள்ளே போகும். அடியைச் சுட்டுக் கரியாக்கினாலும் அதே கதைதான், கரித் தோலும் வெடிக்கும். செலவு கொஞ்சம் கூடினாலும் கொங்கிறீற் அடித்துண்டு வார்ப்பதே மேல். 6 அங்குலச் சதுரம், இரண்டரை அடி நீளம், சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை. வார்க்கும்போது ஒன்றரை அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்பு உள்ள பட்டை இரும்பு இரண்டை, 20 அங்குல நீளத்தில், பத்து அங்குலம் உள்ளே, பத்து அங்குலம் வெளியே நிற்கும்படி எதிரெதிராகப் பதியுங்கள். இடைவெளி தூணின் அடியைச் சீவிய தடிப்பளவு. உள்ளே போகும் முனைகளை வெளிப்பக்கம் மடித்துவிட்டால் இழுபடாது. தூணை இடையில் வைத்து 12 மில்லிமீற்றர் போல்ற் இரண்டால் ஊடுருவ இறுக்குங்கள். தூணின் அடிக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் இரண்டு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். மழை நனைத்தாலும் முனை காயும். கறையான் ஏறினால் மண்சுரங்கம் இரும்பின் மேல் வெளியே தெரியும், தட்டிவிடலாம்.

மண்ணில் நடக்கூடிய இடமும் உண்டு: ஒரு போகத்துக்கு மட்டும் நிற்கும் வேலியும் பந்தலும். பாகல், புடோல், பயிற்றைப் பந்தலுக்கு 3 அங்குலத் தடி எட்டரை அடியில் வெட்டி, ஒன்றரை அடி புதைத்து, பத்தடிக்கு ஒன்று நட்டால் போதும். மூலைத் தூணுக்கு மட்டும் வெளிப்பக்கம் இழுவைக் கம்பி. காய் முடிந்ததும் பிடுங்கிக் காயவைத்துக் கூரைக்குக் கீழே அடுக்கினால் பல போகம் வரும். காலபோக வயலைச் சுற்றி யானைக்குப் போடும் பருவகால மின்வேலிக்கும் இதுவே கணக்கு. யானையைத் தடுப்பது மின்னதிர்வுதான், தடியல்ல. ஆகவே தடித்த மரம் தேவையில்லை. ஆனால் நனைந்த தடி மின்னைக் கடத்தும். மின்னைக் கடத்தாத காவலி இல்லாமல் கம்பியைத் தடியில் சுற்றினால் வேலி முழுவதும் வலுவிழக்கும். வேலிக்கென்று உள்ள மின்னூக்கி தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் பன்றியோடு மனிதரும் சாகிறார்கள்.

அரிவதென்றால்

வளைவின் கணக்கு ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எட்டடித் தடி நடுவில் ஓர் அங்குலம் வளைந்திருந்தால், அதை இரண்டாக வெட்டிய நாலடித் துண்டில் வளைவு அரை அங்குலம் அல்ல, கால் அங்குலம். இரண்டடித் துண்டில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நாலடிக்கு உட்பட்ட உறுப்புகள் கொண்ட பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்: வாங்கு, முக்காலி, கதிரைக் கால், கட்டிலின் குறுக்குச் சட்டம், அலுமாரியின் உள்சட்டம், ஆட்டுக் கொட்டில் தரை. கதவு நிலைக்கும் யன்னல் நிலைக்கும் இந்தத் தடி சரிவராது. அதற்கு முயன்று பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், அரிந்த உடனேயே துண்டு வில்லாக வளைவது. நிற்கும் மரத்தில் வெளிப்பகுதி இழுபட்டும் நடுப்பகுதி அமுங்கியும் இருக்கும். நடுவே பிளந்ததும் இரண்டு பாதியும் வெளிப்பக்கமாக விலகும். வாள் பிழை என்று ஆலைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. தேவையான தடிப்பைவிடக் கால் அங்குலம் கூட்டி அரிந்து, அடுக்கில் மேலே பாரம் வைத்துக் காயவிட்டு, பிறகு சீவி நேராக்க வேண்டும். நடுக் குருத்தை ஏதாவது ஒரு துண்டின் விளிம்பில் விட்டால் பிறகு சீவலில் கழிந்துவிடும்; நடுவில் மூடி வைத்தால் அங்கிருந்தே வெடிக்கும்.

பரண் ஆட்டுக் கொட்டில் இதற்கு மிகப் பொருத்தம். 4 அங்குலச் சிறுமுனைத் தடி நாலடித் துண்டில் இருந்து 2¾ சதுரம், அதை நடுவே பிளந்தால் 1¼ × 2¾ அளவில் இரண்டு சட்டம் வரும். காய்ந்து சீவியபின் ஒன்றுக்கு இரண்டரை. சட்டங்களுக்கு இடையே 15 மில்லிமீற்றர் விடுங்கள். இடைவெளி குறைந்தால் புழுக்கை கீழே விழாது, தரை சகதியாகும். 20 மில்லிமீற்றரைத் தாண்டினால் குட்டியின் குளம்பு மாட்டிக் கால் முறியும். சட்டத்தின் வைரப் பக்கம் மேலே வரவேண்டும். காயும்போது பலகை பட்டைப் பக்கம் குழிந்து வைரப் பக்கம் மேடாகும். மேடு மேலே இருந்தால் மூத்திரம் வழிந்தோடும், குழி மேலே இருந்தால் தேங்கி உக்கும். கீழே தாங்கும் சட்டம் இரண்டடிக்கு ஒன்று. தரை நிலத்தில் இருந்து மூன்றரை அடியாவது உயர்ந்தால்தான் குனிந்து கூட்டிப் பசளை எடுக்கலாம். துத்தநாகம் பூசிய ஆணி மட்டும் அடியுங்கள்.

முக்காலிக்கும் வாங்குக்கும் ஒரு பழைய உத்தி நன்றாக வேலை செய்யும். காலின் முனையை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து நன்றாக உலரவிடுங்கள். துளை எடுக்கும் சட்டம் கொஞ்சம் ஈரமாகவே இருக்கட்டும். பொருத்திய பின் சட்டம் சுருங்கிக் காலை இறுக்கும், காலோ அறையின் ஈரத்தில் சிறிது பொங்கும். மாறிச் செய்தால் ஆறு மாதத்தில் கதிரை ஆடும். பசை பூசுவதென்றால் சீவிய அன்றே பூச வேண்டும். தேக்கின் எண்ணெய் மேலே வந்து படிந்தபின் பசை பிடிக்காது.

வெள்ளையும் மண்ணிறமும் கலந்த பலகையை வாங்க ஆட்கள் தயங்குவார்கள். எல்லாவற்றையும் கடும் நிறத்தில் பூசி மறைப்பது ஒரு வழி. இரண்டு நிறமும் தெரிகிற மாதிரி மாறி மாறி ஒட்டிய மேசைப்பலகை இன்னொரு வழி. எங்கள் கண்ணுக்கு இரண்டாவதுதான் அழகு. எது செய்தாலும் வெள்ளைக்கு மருந்து கொடுக்காமல் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். அடுத்த வருடம் கட்டிலுக்குக் கீழே மாவு கொட்டும்.

மருந்து

மருந்து என்றால் வெங்காரமும் போரிக் அமிலமும். 100 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வெங்காரம் 6 கிலோ, போரிக் அமிலம் 4 கிலோ. தனித்தனியாகக் கரைத்தால் அடியில் தங்கும், சேர்த்துக் கலக்கினால் இலேசாகக் கரையும். தொட்டி இல்லாவிட்டால் தடியைவிட ஓரடி நீளமாகக் கிடங்கு வெட்டித் தடித்த பொலித்தீன் இரண்டு மடிப்பாக விரிக்கலாம்.

இங்கே காய்ந்த மரம் உதவாது, பச்சை மரம்தான் வேண்டும். மருந்து ஈரத்தின் வழியே நடந்துதான் உள்ளே போகிறது. காய்ந்த தடியில் நடக்க வழியில்லை, மேலோடு நிற்கும். தறித்து, உரித்து, அரிந்த அதே கிழமையில் அமிழ்த்துங்கள். மூன்று நாள் கழித்து எடுத்து, குச்சி வைக்காமல் நெருக்கி அடுக்கி, பொலித்தீனால் சுற்றி நிழலில் மூன்று நான்கு கிழமை விட வேண்டும். மருந்து உள்ளே இறங்குவது இந்தக் காத்திருப்பில்தான். அவசரப்பட்டு வெயிலில் விரிக்கிறவர்கள் மருந்துக்குக் கொடுத்த காசை மேல் தோலில் காயவைக்கிறார்கள். பிறகு வழக்கம்போல் குச்சி வைத்து உலர்த்தலாம். முட்டுக்கும் பந்தலுக்கும் போகும் தடிக்கு இதற்கு நேர்மாறு: மருந்து வேண்டாம் என்பதால், மரத்தைத் தறித்து இலையோடு இரண்டு கிழமை அப்படியே கிடக்க விட்டால் இலை தண்ணீரை இழுத்து எடுக்கும், தூக்கும் பாரமும் குறையும்.

மருந்து இறங்கியதா என்று பார்க்க ஒரு துண்டை நடுவே வெட்டி, ஸ்பிரிட்டில் ஊறவைத்த மஞ்சள் சாற்றைத் தடவி, காய்ந்ததும் ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்த ஸ்பிரிட்டைத் தடவுங்கள். மருந்து போன இடம் சிவக்கும், போகாத இடம் மஞ்சளாகவே நிற்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கேட்டால் செய்து தருவார்கள்.

இந்த மருந்து தண்ணீரில் கரைந்து வந்தது, தண்ணீரிலேயே கரைந்து போகும். மழையில் நனையும் இடத்துக்கும் மண்ணில் புதைக்கும் தூணுக்கும் பயன் இல்லை. ஆடு, மாடு உப்புக்கு நக்கும் என்பதால் தீவனத் தொட்டிக்கும் பரண் தரைக்கும் பூச வேண்டாம். மிஞ்சிய கரைசலைத் தோட்டத்தில் ஊற்றினால் செடி கருகும், கிணற்றுப் பக்கம் ஊற்றவே கூடாது. மூடி வைத்து அடுத்த தடிக்குப் பாவியுங்கள்.

இரும்பு கிடக்கும் மரம்

வெளியூரில் இருந்து எழுதப்பட்ட தேக்கு வழிகாட்டிகளில் இது இருக்காது. போர் முடிந்த 2009க்கு முன்னரே நின்ற மரங்களில் ஷெல் துண்டும் சன்னமும் இருக்கலாம். பட்டை அதை மூடி வளர்ந்திருக்கும். பழைய தோட்டங்களில் இரண்டாம், மூன்றாம் ஐதாக்கலில் வரும் தடிகளை ஆலைக்காரர்கள் தயங்குவதற்கு இதுவும் காரணம். ஒரு துண்டு பட்டால் பட்டி வாளின் பல்வரிசை போய்விடும். வெட்டுமுகத்தில் காரணமில்லாத கருநீலக் கறை, பட்டையில் உதடு போல மடிந்த தழும்பு, ஒரு பக்கம் மட்டும் வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் அந்தத் தடியில் பெயின்ற் அடையாளம் போட்டு அரியாமல் விடுங்கள். கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்றை நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து வாங்கினால் ஆலையோடு பேரம் பேசவும் உதவும். எல்லைவேலி மரங்களில் முள்ளுக்கம்பியும் யூ ஆணியும் நிச்சயம் இருக்கும், பார்க்கவே தேவையில்லை. கம்பி, ஆணி என்று நிச்சயமாகத் தெரிந்த தடி முட்டுக்கும் கைமரத்துக்கும் போகட்டும். என்ன பொருள் என்று தெரியாத இரும்பு மரத்திலோ அடியிலோ தென்பட்டால் தோண்டிப் பார்க்காமல், அடுப்புக்கும் அனுப்பாமல், பொலிசுக்கு அறிவியுங்கள்.

சரிவராதவை, மிச்சம் மீதி

கோடரிப் பிடிக்குத் தேக்கு வேண்டாம். அதிர்ச்சி தாங்காது, குறுக்கே படக்கென்று முறியும். வாரிக்கும் விளக்குமாற்றுக்கும் பிடி போடலாம். களப்பில் வலை கட்டும் கம்பாக நட்டால் உப்புநீரில் மரம் துளைக்கும் புழு வெள்ளையைச் சல்லடையாக்கும். நந்திக்கடல், கொக்கிளாய்ப் பக்கம் கொடுப்பதென்றால் ஒரு பருவத்துக்குத்தான் என்று சொல்லிக் கொடுங்கள்.

அரிந்த ஓரப் பலகைகள் வெதுப்பகத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகும். கரி சுடலாம், ஆனால் உலர்ந்த விறகின் நிறையில் நாலில் ஒன்றுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாலை மரத்துக் கரி போல இறுக்கமும் இருக்காது. மரத்தூள் தோலில் அரிப்பும் மூக்கில் எரிவும் தரும், அரிகிற இடத்தில் முகக்கவசம் வேண்டும். கிளைகள் அலம்பலாக வேலிக்குப் போகும்.

காணி உங்களுடையதாக இருந்தாலும் தேக்கைத் தறிப்பதற்கும் லொறியில் ஏற்றுவதற்கும் அனுமதி பார்த்துத்தான் செய்ய வேண்டும். கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்திலும் வனவளத் திணைக்கள அலுவலகத்திலும் கேளுங்கள். அனுமதிப் பத்திரக் காணி என்றால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். தறிக்க முன்னர் நிற்கும் மரங்களுக்கு இலக்கம் போட்டுப் பட்டியல் எழுதினால் வழியில் மறித்துக் கேட்கும்போது தடியை எண்ணிக் காட்டலாம். ஏற்றிய பிறகு கடதாசி தேடுவது முடியாத காரியம்.

தறித்த அடிக்கட்டையில் மாரியோடு பத்துப் பன்னிரண்டு துளிர் வரும். விட்டால் இன்னொரு தடி கிடைக்கும் என்ற ஆசை வேண்டாம். தேக்கு நிழலில் தேறாது, துளிர் மெலிந்து நீண்டு நிற்கும், அதே நேரம் பக்கத்து மரத்தின் தண்ணீரைக் குடிக்கும். தோட்டத்தின் விளிம்பில், வெயில் விழும் பக்கத்தில் மட்டும் கட்டைக்கு ஒரு நேர்த்துளிரை விட்டு, மற்றதைப் பங்குனிக்குள் கத்தியால் அடியோடு சீவி விடுங்கள்.